நாலாவது டிவிஷனின் நடுப்பகல் படங்கள்

ஆனி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தேயிலை எஸ்டேட்டின் நாலாவது டிவிஷனுக்கு மட்டும் விடியவில்லை. ஏழரைக்கு, பேர் வாசிக்கக் கூப்பிடுகிற மஸ்டர் மணி அடித்தது, வரிசையாகக் கட்டின அறுபத்துநாலு லைன் வீட்டுச் சனமும் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து பார்த்தபோது வானம் முழுக்க நட்சத்திரம் கிடந்தது, மழை மூட்டமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், மூட்டமாக இருந்தால் நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று இன்னொருத்தி கேட்டாள், அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டு எல்லோரும் கொழுந்து எடுக்கப் போனார்கள். சூப்பர்வைசர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டு அங்கே விடிந்துவிட்டதா என்று கேட்டார். விடிந்து இரண்டு மணி நேரம் ஆகிறதே, வெயில் கண்ணைக் குத்துகிறதே என்று பதில் வந்தது. சாயங்காலத்துக்குள் டிராக்டரில் நெற்றியில் கட்டுகிற லைட்டுகள் வந்து சேர்ந்தன, ஆளுக்கு ஒன்று, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

யூகலிப்டஸ் மரங்கள் முடிகிற வளைவு வரைக்கும் வெயில் அடித்தது. அதற்கு இந்தப் பக்கம் ராத்திரி. கோடு போட்டதுபோல அப்படி ஒரு பிரிவு. பஸ் டிரைவர் அந்த வளைவில் ஹெட்லைட்டைப் போடப் பழகிக்கொண்டார், கண்டக்டர் "இருட்டுக்கு இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். துவைத்த துணி காயாததால் பெண்கள் வாளியைச் சுமந்துகொண்டு வளைவுக்குப் போய் மரத்துக்கு மரம் கொடி கட்டினார்கள், பத்தே நாளில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு வீட்டுப் பெயர் வந்துவிட்டது, கொடிக்காகச் சண்டையும் வந்தது. சேவல்கள் கூவுவதை விட்டன. கார்த்திகை மாதத்து ராத்திரியில் பார்க்கிற அறுமீன் கூட்டம் ஆனி மாதத்து நடுப்பகலில் தலைக்கு மேல் சற்றே சரிந்து நின்றது, கோயில் பூசாரி அதைப் பார்த்து உச்சிகால பூஜைக்கு நேரம் குறித்துக்கொண்டார். காலையில் வகுப்புக்குள் வருகிற டீச்சருக்குப் பிள்ளைகள் எழுந்து நின்று என்ன வணக்கம் சொல்வது என்பதில் ஒரு வாரம் குழப்பம் இருந்தது, பிறகு வெறும் வணக்கம் போதும் என்று முடிவானது.

ஏன் இப்படி ஆனது என்று கொஞ்ச நாள் பேசினார்கள். அப்புறம் பேச்சு பேட்டரி பக்கம் திரும்பிவிட்டது.

சந்தனமாரிக்கு மட்டும் அப்படிப் பழகிக்கொள்ள வழியில்லாமல் போனது. அவளுக்கு முப்பத்துநாலு வயது, பிளஸ் டூ வரை படித்தவள், டிவிஷனில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். புருஷன் பேச்சிமுத்துவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை, ஆகையால் அவன் தினமும் எட்டு மணி நேரம் பகலைப் பார்த்துவிட்டு வந்தான். அவர்களுடைய மகள் தர்ஷிகாவுக்கு எட்டு வயது. விடியாமல் போன இரண்டாவது வாரத்திலிருந்து அவள் காலையில் எழுவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக நேரமாக்கினாள். எட்டு மணி என்பது பத்தானது, பத்து என்பது மதியமானது, ஆடி பிறந்தபோது ஒரு நாளில் மூன்று மணி நேரம் விழித்திருந்தாள், அந்த மூன்று மணி நேரத்திலும் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினாள். அவள் மட்டுமல்ல, அவளையும் சேர்த்துப் பத்து வயதுக்குக் கீழே இருந்த பதினொரு பிள்ளைகளும் அப்படித்தான். டிஸ்பென்சரி நர்ஸ் நாடி பார்த்தாள், கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள், "நோவு எதுவும் இல்ல. வெயில் வேணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு தாய்மார்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வளைவுக்குப் போய்த் துணிக்கொடிகளுக்கு அடியில் வெயிலில் கிடத்தினார்கள். முதல் வாரம் அரை மணி நேரத்தில் விழித்தார்கள். அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் ஆனது. ஆடி கடைசியில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கிடத்தியும் இமை ஆடியதே தவிரத் திறக்கவில்லை. ஒரு பகல் போதாது, நாலைந்து பகல் வேண்டும், அங்கேயே குடியிருக்க வேண்டும்.

குடியிருக்க வீடும் இருந்தது. மூன்றாவது டிவிஷனில், முழு வெயிலில், எழுபது லைன் வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. கம்பெனிக்காரர்கள் மறுப்புச் சொல்லவில்லை. கீழே டவுனில் குடியிருப்பு மாற்றத்தைக் கவனிக்கிற ஆபீசிலிருந்து உத்தரவு வந்தால் அந்த நிமிஷமே சாவி தருவதாகச் சொன்னார்கள். உத்தரவில்லாமல் போனால் வீடு மாறியதாகாது, வேலையை விட்டுப் போனதாகத்தான் கணக்கு. சந்தனமாரி மனு எழுதினாள், அறுபத்துநாலு வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆபீசில் சூப்பிரண்டாக இருந்த கோதண்டம் கெட்ட மனிதர் இல்லை. மனுவை இரண்டு முறை படித்தார், அவளை உட்காரச் சொன்னார், ஜீப்பில் நேரிலேயே பார்க்க வந்தார். வளைவில் ஜீப் நின்றது. இறங்கி, வெயிலில் நின்றபடி இருட்டுக்குள் ஒரு கையை நீட்டிப் பார்த்தார், கை மணிக்கட்டு வரை மறைந்தது, வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, பகல் வெளிச்சத்துலதான் ஆய்வு பண்ணணும்னு விதி இருக்கு. ராத்திரியில போய் ஆய்வு பண்ணேன்னு நான் எழுத முடியாது."

"சார், மணி பதினொண்ணுதான சார் ஆகுது."

"மணி பதினொண்ணுதான். ஆனா உள்ள ராத்திரியா இருக்கே." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஒண்ணு செய். இடத்தைப் படம் எடுத்துக் கொண்டா. பைல்ல வச்சு மேல அனுப்பிடறேன்."

அவள் அன்றைக்கே போனில் படம் எடுத்து, டவுனில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோதண்டம் அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"கறுப்புத் தாளா இருக்கேம்மா. இது எந்த ஊரு இருட்டுன்னு மேல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற டென்சிங்கின் ஸ்டுடியோ இருந்தது. சந்தனமாரி கறுப்புத் தாளை அவன் மேஜையில் வைத்து, தோளில் தூங்குகிற மகளோடு நின்றுகொண்டு, இதில் என் வீடு தெரிய வேண்டும் என்றாள். அவன் சிரிக்கவில்லை. நாலாவது டிவிஷன் கதையை ஏற்கெனவே கேட்டிருந்தான்.

"போன்ல வராதுக்கா. ராத்திரியில இடத்தைப் படம் எடுக்கணும்னா கேமராவை மூணு காலு ஸ்டாண்டு மேல நிறுத்தி வச்சு முப்பது செகண்டு கண்ணைத் திறந்தே வச்சிருக்கணும். கெடைக்கிற வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டா அது சேத்துக்கிடும். சேத்ததும் பாதிதான் தெரியும். மீதியைக் கம்ப்யூட்டர்ல ஒக்காந்து நாமதான் வெளிய கொண்டாரணும்."

"நீங்க கொண்டாந்து குடுப்பீங்களா தம்பி?"

"முகூர்த்த சீசன்க்கா. நான் ஒக்காந்தா ஒரு மாசம் ஆகும். பழைய கேமரா இருக்கு, அந்த மூலையில பழைய கம்ப்யூட்டரும் இருக்கு. நீங்களே ஒக்காருங்க. தெரியாததைக் கேளுங்க."

அப்படி அவள் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். கல்யாண ஜோடிகளை உட்கார வைக்கிற பஞ்சு பெஞ்சில் தர்ஷிகாவைப் படுக்க வைத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து, அந்தப் பழைய கேமராவில் எடுத்து வந்த, கறுப்பாகக் கிடந்த மலையைத் திரையில் ஏற்றிப் பார்த்தாள். பக்கத்தில் வரிசையாகக் கம்பிகள்போல இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, புள்ளியை வலப்பக்கம் தள்ளினால் ஏதோ ஒன்று கூடும், இடப்பக்கம் தள்ளினால் குறையும். நிழலைத் தூக்குகிற புள்ளியைத் தள்ளத் தள்ள, கறுப்புக்குள்ளிருந்து தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக எழுந்து வந்தன, மஸ்டர் கொட்டகை வந்தது, லைன் வீட்டுக் கூரை வந்தது, அவள் வீட்டு வாசலில் சாத்திவைத்திருந்த விளக்குமாறு வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கூடவே கேழ்வரகைக் கொட்டினதுபோலச் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ படம் முழுக்கப் பரவியது. அது இருட்டின் இரைச்சல் என்றான் டென்சிங், அவன் சொன்ன சொல் நாய்ஸ். அதைத் தேய்த்து எடுத்தால் இலையின் நரம்பும் சேர்ந்து போனது, செடி குழைத்த களிமண்ணானது. லைன் வீட்டு பல்புகளின் மஞ்சள் படம் முழுக்க ஒட்டியிருந்தது, அதைக் குறைத்தால் சுவர்களெல்லாம் செத்த உடம்பின் நீலத்துக்குப் போயின. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நாலாவதில் அவள் பொறுமையிழந்து எல்லாப் புள்ளிகளையும் வலப்பக்கம் தள்ளினாள், படம் பளிச்சென்று விடிந்தது, பச்சைத் தேயிலையும் நீல வானமுமாக, நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாமல்.

அதைத்தான் ஆபீசுக்குக் கொண்டுபோனாள். எல்லாம் தெரிகிறதே என்கிற சந்தோஷத்தில், என்ன தெரியாமல் போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கோதண்டம் படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட, நல்லா இருக்கேம்மா இடம்! வெளிச்சம் வந்துருச்சா?"

"இல்ல சார். அது கம்ப்யூட்டர்ல நான்..."

"வெளிச்சம் இருக்குன்னு படமே சொல்லுதே."

அவள் எவ்வளவோ சொன்னாள். ஆனால் படம் பைலில் ஏறிவிட்டது. அடுத்த வாரம் கம்பெனிக்கு ஒரு கடிதம் போனது, நாலாவது டிவிஷனில் போதிய வெளிச்சம் இருப்பதாகப் புகைப்பட ஆதாரத்துடன். கம்பெனி நெற்றி லைட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். சனங்கள் இருட்டில் தடவித் தடவிக் கொழுந்து எடுத்தார்கள், மூன்று பேர் பாறையில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார்கள், சந்தனமாரி தண்ணீர்க் குழாய்க்கு வந்தால் வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. அந்தப் பளிச்சென்ற படம் சனங்களுக்குப் பிடித்துவிட்டது. யாரோ ஒருத்தர் டவுனில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டினார், அதைப் பார்த்து அடுத்த வீட்டார் மாட்டினார்கள், ஆவணி முடிவதற்குள் நாற்பது வீடுகளில் ஜன்னலைச் சாத்தி அதன்மேல் அந்தப் படத்தை ஒட்டியிருந்தார்கள். காலையில் எழுந்து அதன் முன்னால் நின்று தலை சீவினார்கள். அதற்குச் சூடம் காட்டினார்கள். விருந்தாளி வந்தால் அதன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டில் விடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள், அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் பொய் இல்லை. மனுவுக்கு மறுபடி கையெழுத்துக் கேட்டுப் போனபோது பாதிப் பேர், இருக்கிறது போதும் என்றார்கள்.

தர்ஷிகா இப்போது ஒரு நாளைக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம் கண் திறந்தாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகச் சந்தனமாரி கஞ்சியைச் சூடாகவே வைத்துக்கொண்டு காத்திருந்தாள், கண் திறந்ததும் கரண்டி கரண்டியாக ஊட்டினாள், ஊட்டிக்கொண்டிருக்கும்போதே கண் மூடிவிடும், வாயில் இருந்த கஞ்சியை விரலால் வழித்து எடுப்பாள். ஒரு நாள் பேச்சிமுத்து வேலையிலிருந்து வந்து, சட்டையில் வெயில் வாசனையோடு, மகளின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நான் வேலையை விட்டுடறேன் மாரி. எங்கயாவது போயிருவோம்."

"எங்க போறது? போனா மத்த பத்துப் பிள்ளைங்க இங்கயே கெடக்கும். உத்தரவு நம்ம ஒருத்தருக்கு வராது, வந்தா எல்லாருக்கும்தான் வரும்."

"வந்தா."

"வரும்."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கு அவள் அழுதது பேச்சிமுத்துவுக்குத் தெரியாது, அடுப்படியில் விளக்கு இல்லை.

புரட்டாசி முழுக்க அவள் ஸ்டுடியோவுக்குப் போனாள். இந்தத் தடவை எதையும் கடைசிவரை தள்ளவில்லை. ஒரு புள்ளியை முடி அளவுக்கு நகர்த்திவிட்டுக் கண்ணை மூடி, வீட்டு வாசலில் நின்றால் எவ்வளவு தெரியும் என்று யோசித்துவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்தாள். வானத்தைத் தனியாகப் பிரித்து அதன் கறுப்பை அப்படியே விட்டாள். செடிகளை மட்டும், அதுவும் மேல்பக்க இலைகளை மட்டும், நட்சத்திர வெளிச்சம் நிஜமாகவே விழுகிற இடத்தில் மட்டும் தூக்கினாள். கேழ்வரகுப் பொட்டுகளில் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டாள். ஒருநாள் டென்சிங் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கே இதப் பாத்தா குளிருதுக்கா" என்றான்.

அந்தப் படத்தில் ராத்திரி ராத்திரியாகவே இருந்தது, ஆனால் எல்லாம் தெரிந்தது. மஸ்டர் கொட்டகையின் கடிகாரம் பன்னிரண்டு பத்து காட்டியது. கோதண்டம் அதைக் கையில் வாங்கியதும் மேஜை விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முன்னால் அனுப்பின கடிதத்தை ரத்து செய்வதாகச் சொன்னார், நெற்றி லைட்டுகள் திரும்பக் கிடைக்க ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனா ஒருத்தரையும் காணோமேம்மா. ஆள் இல்லாத இடத்துக்கு மாற்று வீடு எதுக்குன்னு மேல கேப்பாங்களே."

அவள் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். படம் எடுத்தபோது அந்தச் சரிவில் முப்பது பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், குழாயடியில் பத்துப் பேர், கொட்டகையில் சூப்பர்வைசர். ஒருவர்கூட இல்லை. நகர்ந்துகொண்டே இருந்தவர்களைக் கேமரா சேர்த்துக்கொள்ளவில்லை, தண்ணீரில் எழுதினதுபோல எல்லோரும் கரைந்துபோயிருந்தார்கள்.

அன்று மாலை அவள் அறுபத்துநாலு வீட்டுக் கதவையும் தட்டினாள். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் மஸ்டர் மேட்டில் வந்து நிற்க வேண்டும், முப்பது செகண்டு அசையக்கூடாது, மூச்சுகூட மெதுவாகத்தான் விட வேண்டும், அப்போதுதான் நாம் இருக்கிறோம் என்று தெரியும். சில பேர் சரி என்றார்கள். சில பேர், போன தடவை நீ எடுத்த படத்தால்தான் லைட்டு போனது என்றார்கள். கடைசி லைனில் குருவம்மா கதவைத் திறக்கவே இல்லை, உள்ளேயிருந்தே பேசினாள். அவள் மகன் செழியனும் பதினொரு பேரில் ஒருவன்.

"எங்க வீட்ல விடிஞ்சிருச்சு மாரி. நீ போ."

"அக்கா, கதவத் தொற."

"என் பிள்ள வெளிச்சத்துல தூங்குறான். அவன எழுப்பாத."

சந்தனமாரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சாத்திய ஜன்னலில் அந்தப் பளிச்சென்ற படம் ஒட்டியிருந்தது, அதற்கு அடியில் பாய் போட்டு, முகம் படத்தைப் பார்த்து இருக்கும்படி செழியனைக் கிடத்தியிருந்தாள் குருவம்மா. பையன் மெலிந்து கன்னத்து எலும்பு தெரிந்தது. படத்துக்கு மேலே ஒரு பூச்சரம் தொங்கியது. சந்தனமாரி, இதைச் செய்தது நான்தானே, இந்த விரலால்தானே தள்ளினேன் என்று ஒரே பாய்ச்சலில் போய்ப் படத்தைக் கிழித்தாள். பின்னால் ஜன்னல் பலகையில் பூஞ்சை பூத்திருந்தது. குருவம்மா அவளைக் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு முறையும் அறைந்தாள்.

"என் விடியலைக் கிழிச்சிட்டியேடி!"

"அது பொய்யிக்கா. நான்தான் பண்ணேன். நான் தெரியாமப் பண்ணது."

"தெரியும்டி. பொய்யின்னு எனக்குத் தெரியாதா?" குருவம்மா பாயில் உட்கார்ந்துவிட்டாள். "வேற என்னதான் இருக்கு எங்கிட்ட?"

சந்தனமாரி கிழித்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மஸ்டர் மேட்டில் நூற்றுத் தொண்ணூறு பேர் கூடினார்கள். குளிர் எலும்பைத் தொட்டது, நாலு மாதமாக வெயில் படாத மண்ணின் குளிர். கால் ஒடிந்த மூன்று பேரையும் நாற்காலியில் தூக்கி வந்திருந்தார்கள். பிள்ளைகள் தூங்குகிற வீட்டார் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள், பேச்சிமுத்து தர்ஷிகாவை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தான். கேமராவை நிறுத்தி முடித்தபோது கூட்டத்தின் ஓரத்தில் ஒருத்தி வந்து நின்றாள், மகனைச் சுமந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல். குருவம்மா.

"இப்ப" என்றாள் சந்தனமாரி.

நின்றார்கள். முப்பது செகண்டு அவ்வளவு நீளமானது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கொழுந்து எடுத்து எடுத்துப் பழகின கைகள் தாமாகவே ஆடின, குளிரில் தாடை ஆடியது, நாலு மாதத்துக் களைப்பில் முழங்கால் ஆடியது, யாரோ ஒருத்தி அழுகையை அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் தோள் குலுங்க நின்றாள், அசையாதே அசையாதே என்று அவளுக்குச் சொல்லத் திரும்பின இன்னொருத்தி தானும் அசைந்தாள். கேமரா கண்ணை மூடுகிற சத்தம் கேட்டதும் எல்லோரும் மூச்சை விட்டார்கள், அத்தனை மூச்சும் வெள்ளைப் புகையாக மேட்டின்மேல் எழுந்தது.

ஒரே படம்தான் எடுத்தாள். இன்னொன்றுக்கு நிற்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஸ்டுடியோவில் உட்கார்ந்து நிழலைத் தூக்கியபோது மேடு வந்தது, கடிகாரம் வந்தது, ஆட்கள் வந்தார்கள். நூற்றுத் தொண்ணூறு பேரும் இருந்தார்கள், ஆனால் ஒருத்தருக்கும் முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் துடைத்துவிட்ட சாம்பல்போல ஒரு கலங்கல். அவள் ஒவ்வொருவராகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். பேச்சிமுத்துவைக் கண்டுபிடித்தாள், சட்டையால்தான் அடையாளம் தெரிந்தது, அவன் முகம் மூன்று முகமாகப் பிரிந்து ஒன்றின்மேல் ஒன்று கிடந்தது. படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். அவன் கையில் தர்ஷிகா இருந்தாள். இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது, நெற்றியில் வைத்த பொட்டு தெரிந்தது, உதட்டோரத்தில் காலையில் ஊட்டின கஞ்சி காய்ந்திருந்தது தெரிந்தது. செழியனைப் பார்த்தாள். அவனும் அப்படித்தான். மங்கின கைகளில், மங்கின தோள்களில், பதினொரு பிள்ளைகளும் செதுக்கி வைத்ததுபோலத் தெளிவாக இருந்தார்கள். அவர்கள் மட்டும்தான் அசையவில்லை.

சந்தனமாரி எழுந்துபோய்ப் பெஞ்சில் கிடந்த மகளின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்தாள். மூச்சு வந்தது, ஆனால் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று எண்ணிப் பார்க்கப் பயந்து கையை எடுத்துவிட்டாள்.

அந்தப் படத்தில் அவள் வேறு எதையும் தொடவில்லை.

கோதண்டம் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளைங்க எல்லாம் தூங்குதா?"

"ஆமா சார்."

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கா?"

"ஆனியிலேருந்து தூங்குது சார். எங்க பிள்ளைங்க செத்துப்போயிரும் சார்." அவள் இந்த வார்த்தையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் எழுந்து பைலைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு மேலதிகாரிகளைப் பார்க்க மாடிக்குப் போனார். போனவர் சாயங்காலம்தான் இறங்கி வந்தார், சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கையில் உத்தரவு இருந்தது. அதை அவளிடம் கொடுக்கும்போது கண்ணைப் பார்க்கவில்லை.

"என்னால முடிஞ்சது இவ்வளவுதாம்மா. படத்துல முகம் அடையாளம் தெரியறவங்களுக்குத்தான் குடுக்க முடியும்னுட்டாங்க."

உத்தரவில் பதினொரு பெயர்கள் இருந்தன. மூன்றாவது டிவிஷனில் ஆளுக்கொரு வீடு. குடும்பத் தலைவர்: தர்ஷிகா, வயது எட்டு. குடும்பத் தலைவர்: செழியன், வயது ஆறு. பெரியவர்கள் யாரும் படத்தில் இல்லை என்பதால் உத்தரவிலும் இல்லை.

கம்பெனி சொன்ன சொல் மாறாமல் அன்றைக்கே பதினொரு சாவிகளைக் கொடுத்தது. வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாகத் தூங்குகிற பிள்ளைகளின் கட்டைவிரலை மையில் தொட்டு ஒற்றினார்கள். தாய் தகப்பன் தங்கலாமா என்ற கேள்வி வந்தது, வீட்டுக்காரர் சம்மதித்தால் விருந்தாளியாகத் தங்கலாம், ஆனால் வேலை நாலாவது டிவிஷனில்தான் என்று மூன்றாவது டிவிஷன் சூப்பர்வைசர் நோட்டில் எழுதிக்கொண்டார், சம்மதம் பிள்ளைகள் விழித்தபின் கேட்டுக்கொள்ளப்படும் என்றும் எழுதினார். ஒரே ஊர்வலமாகப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு வளைவைத் தாண்டினார்கள். மீதி இருந்த சனம் வளைவு வரைக்கும் வந்தது, இருட்டின் ஓரத்தில் நின்றது, யாரோ கையை ஆட்டினார்கள், வெயிலில் அந்தக் கைகள் மட்டும் தெரிந்தன.

தர்ஷிகாவின் வீட்டில் கிழக்கே பார்த்த கதவு இருந்தது. பாயைக் கதவருகே விரித்தார்கள். முதல் நாள் வெயில் அவள் காலிலிருந்து தலைக்கு ஏறி இறங்கியது, ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது நாள் விரல் ஆடியது. இரண்டு நாளும் சந்தனமாரி விடியற்காலை எழுந்து, சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு நாலாவது டிவிஷனின் ராத்திரிக்குள் வேலைக்குப் போய்வந்தாள். நாலாவது நாள் நாலு வீடு தள்ளி ஒரு கூச்சல் கேட்டது, குருவம்மாவின் குரல், செழியன் தண்ணீர் கேட்டிருந்தான். சந்தனமாரி அங்கே ஓடவில்லை. மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, உன் வீட்டுக்கு வந்துவிட்டோம் பார், நீதான் சொல்ல வேண்டும் நான் இருக்கலாமா போகலாமா என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள், வாய் வறளும்வரை சொன்னாள்.

ஐந்தாவது நாள் காலை அவள் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு வாசற்படி இறங்கியபோது உள்ளேயிருந்து முனகல் கேட்டது. திரும்பினாள். தர்ஷிகா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"கண்ணு கூசுதும்மா."

சந்தனமாரி வெயிலுக்கும் பாய்க்கும் நடுவே போய் நின்றாள். அவளுடைய நிழல் பிள்ளையின் முகத்தில் விழுந்தது. விரல்கள் மெதுவாக விலகின, இரண்டு கண்களும் நிழலுக்குள் திறந்தன, மிகப் பெரிதாக, மூடாமல். தூரத்தில் நாலாவது டிவிஷன் மஸ்டர் மணி அடித்தது. பேர் வாசிக்கிற நேரம். சந்தனமாரி கூடையை இறக்கி வைக்கக்கூட நகரவில்லை.

அன்றைய மஸ்டர் நோட்டில் அவள் பெயருக்கு நேரே, வரவில்லை என்று எழுதியிருக்கிறது.